ஐஸ் தொழிற்சாலையில் ஒரு பழைய கணினியை அளந்த கதை

2022ஆம் ஆண்டு, இலங்கை நெருக்கடியில் இருந்த நேரம். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கும் மேலே போனது. அதோடு உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு. எங்கள் சிறிய பட்டறை யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கொக்குவிலில் இருக்கிறது. தோட்டக் கிணறுகளுக்கும் சின்ன ஆலைகளுக்கும் மோட்டர் பாதுகாப்புப் பெட்டி செய்து கொடுக்கிறோம். கிணறு வற்றினாலோ மூன்று ஃபேசில் ஒன்று போனாலோ மோட்டர் எரிவதற்கு முன் கரண்டைத் துண்டிப்பது அதன் வேலை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு எஸ்டிஎம்32 எஃப்103 மைக்ரோகொன்ட்ரோலர், அதாவது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி, இருக்கும். அந்த மாதங்களில் அதைக் கொழும்பிலும் தேடிப் பிடிக்க முடியவில்லை. கிடைத்த இடத்தில் கேட்ட விலைக்கு வாங்கினால் பெட்டியை எந்தத் தோட்டக்காரரும் வாங்கமாட்டார்.

அந்த நேரத்தில்தான் வடமராட்சிக் கரையில் ஐஸ் தொழிற்சாலை நடத்தும் ஐயா ஒருவர் வந்தார். அவரிடம் 12 மோட்டர்கள். "தம்பி, போன மாதம் ரெண்டு மோட்டர் எரிஞ்சு போச்சு. புதுச் சாமான் வரும்வரைக்கும் நான் காத்திருக்கேலாது. இருக்கிறதை வைச்சுச் செய்து தாங்கோ" என்றார்.

இருந்தது நான்கு சில்லுகள். ஒரு சில்லு மூன்று மோட்டர்களின் மின்னோட்டத்தை அளந்து அனுப்பும். ஆனால் மூன்றுக்குமான கணக்கையும் தானே செய்ய அதனால் முடியாது. 72 மெகாஹெர்ட்ஸ், 20 கிலோபைட் நினைவகம், தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் இல்லை. ஆகவே அளப்பதைச் சில்லுகளிடம் விட்டுவிட்டு, கணக்கை ஒரு பழைய அலுவலக டெஸ்க்டொப் கணினிக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தோம். பழைய கணினிதான் அப்போது யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டிய விலையில் கிடைத்தது.

வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். ஒரு சுற்றில் 128 தடவை அளக்கிறோம். 12 மோட்டர், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஃபேஸ், மொத்தம் 36 அலைவரிசை. 20 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை 4,608 எண்கள் கணினிக்கு வரும், அதை ஒரு தொகுதி என்கிறேன். அவற்றை வடிகட்டி, சராசரி மின்னோட்டத்தையும் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் சில ஹார்மோனிக்குகளையும் கணித்து, 'எல்லாம் நலம்' என்றோ 'மூன்றாம் மோட்டரை நிறுத்து' என்றோ பதில் அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று சுற்று, அதாவது 60 மில்லிசெக்கன் பதில் வராவிட்டால், கணினி செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மோட்டருக்குக் கரண்டை விடும் சுவிட்சான ரிலே தானாகத் திறந்து கரண்டைத் துண்டிக்கும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்தோம்.

எந்தக் கணினியை வாங்குவது? கடையில் மூன்று வகை இருந்தன. பட்டறையில் எங்களோடு வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தார். அவர் முதலில் ட்ரைஸ்டோனை ஓட்டிப் பார்த்தார். 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய பெஞ்ச்மார்க், அதாவது புரொசெசரின் வேகத்தை ஒப்பிடும் சோதனைப் புரோகிராம் அது. வக்ஸ் 11/780 என்ற பழைய கணினி அதைச் செக்கனுக்கு 1,757 தடவை ஓட்டியதை ஓர் அலகாக வைத்து இன்றும் சில்லுகளின் தரவுத்தாளில் போடுகிறார்கள். எங்கள் சில்லுக்கு அதில் 90. கடையில் இருந்த மிக மெலிந்த கணினிகூட அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு காட்டியது. "அண்ணா, இது காணும். இதில் பத்துத் தொழிற்சாலையைப் பார்க்கலாம்" என்றார் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ட்ரைஸ்டோனின் நேரத்தில் பெரும்பங்கு எழுத்துச் சரங்களைப் படியெடுப்பதிலும் ஒப்பிடுவதிலும் போகிறது. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளான கொம்பைலர் கெட்டிக்காரத்தனமாக இருந்தால் அவற்றைச் சுருக்கிவிடும். அதனால் எண் ஏறும். அது புரொசெசரின் கெட்டித்தனமா கொம்பைலரின் கெட்டித்தனமா என்று பிரிக்க முடியாது. 2009இல் ஈஈஎம்பிசி என்ற பெஞ்ச்மார்க் அமைப்பு வெளியிட்ட கோர்மார்க் இந்த ஓட்டையைப் பெருமளவு அடைத்தது. பட்டியல், அணிக்கணக்கு, நிலைப்பொறி, தரவில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சிஆர்சி என்று, கருவிகளுக்குள் ஓடும் உள்ளமை மென்பொருளில் வழமையாக வரும் வேலைகளைச் செய்து, கடைசியில் விடை சரிதானா என்றும் பார்க்கும். குறைந்தது 10 செக்கன் ஓடவேண்டும் என்பதும் விதி. ஆனால் அதன் தரவு மிகச் சிறியது. கணினிப் புரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான முதல் நிலை கேஷுக்குள் முழுவதும் அடங்கிவிடும். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட மைபெஞ்சை எடுத்தோம். அதில் வாகனம், வலையமைப்பு, பாதுகாப்பு, தொலைத்தொடர்பு என்று ஆறு பிரிவுகள் உண்டு. அலையைப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் மாற்றமும் சிஆர்சியும் இருந்ததால் எங்கள் வேலைக்குக் கிட்ட வந்தது. ஆனால் அதன் சிறிய உள்ளீடுகள் இன்றைய கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. புரோகிராம் தொடங்கும் நேரத்தைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம் என்பது ஒரு பின்னேரம் முழுக்கப் போன பிறகு விளங்கியது. மைபெஞ்சை எடுப்பவர்கள் பெரிய உள்ளீட்டை எடுங்கள். அதுவும் போதாவிட்டால் உள்ளேயே பல தடவை சுழற்றுங்கள்.

சரி, எங்கள் சொந்தப் புரோகிராமையே ஓட்டுவோம் என்று இறங்கினோம். சில்லில் இருந்த சி நிரலை அப்படியே கணினியில் கொம்பைல் செய்தோம். ஒரு தொகுதிக்கு எடுத்த நேரம் வியக்கும்படி குறைவு. தம்பிதான் சந்தேகப்பட்டார். பதிவு செய்து வைத்திருந்த ஒரே தரவைச் சில்லுக்கும் கொடுத்து, கணினிக்கும் கொடுத்து, விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தார். கணினி பெரும்பாலான தரவுப் பொதிகளைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் ஒரே ஒரு சொல். சி மொழியில் 'சார்' என்ற வகைக்கு எதிர்க்குறி உண்டா இல்லையா என்பதை மொழி தீர்மானிப்பதில்லை. எங்கள் சில்லு சேர்ந்த ஆர்ம் குடும்பத்தின் கொம்பைலர்கள் வழமையாக இல்லை என்று எடுக்கும். கணினிப் புரொசெசர் சேர்ந்த எக்ஸ்86 குடும்பத்தில், லினக்ஸ் இயங்குதளத்தில், உண்டு என்று எடுக்கும். எங்கள் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையில் 127ஐத் தாண்டிய பைட்டுகள் எல்லாம் கணினியில் எதிர் எண்களாகி, கூட்டுத்தொகை பிழைத்து, பொதி கழிக்கப்பட்டது. வேலை செய்யாத புரோகிராம் கெதியாகத்தானே முடியும். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம்: விடை சரி என்று இரண்டு பக்கமும் ஒத்துப் பார்க்கும்வரை நேரம் அளக்கும் கருவியைத் தொடுவதில்லை. எட்டு பிட் எண்ணுக்கு எட்டு பிட் என்றே வெளிப்படையாக வகை எழுதுகிறோம்.

இதே போல இன்னொன்று. நேரத்தை அளக்க ஒரு கணக்கைப் பத்து இலட்சம் தடவை சுழற்றி, அதன் விடையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால், கொம்பைலர் அந்தச் சுழலையே தூக்கி எறிந்துவிடும். பூச்சியம் நேரம் காட்டும். விடையைக் கூட்டிக் கடைசியில் அச்சிட்டால் போதும், இந்தச் சிக்கல் வராது.

அப்புறம் நிரலையே மாற்ற வேண்டி வந்தது. சில்லில் தசமக் கணக்கு மென்பொருளால்தான் நடக்கும் என்பதால், எல்லாவற்றையும் முழு எண்களில் எழுதியிருந்தோம். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் நகர்த்து, எல்லை மீறுகிறதா பார், மீறினால் வெட்டு. சில்லுக்கு அது சரியான வழி. கணினிப் புரொசெசருக்குத் தசமக் கணக்கு சும்மா வருகிறது. எஸ்எஸ்ஈ என்ற கட்டளைத் தொகுதி வழியாக நான்கு எண்களை ஒரே அடியில் பெருக்கும். எங்கள் எல்லைப் பரிசோதனைகள்தான் கொம்பைலர் அப்படி நாலு நாலாகச் சேர்ப்பதைத் தடுத்துக்கொண்டிருந்தன. சாதாரண தசம எண்களில் எழுதியதும் நிரல் பாதியாகச் சுருங்கியது, நேரமும் நன்றாகக் குறைந்தது. சில்லில் வருடக்கணக்காகச் சேர்த்த சாமர்த்தியங்களைக் கழற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஒரு புரொசெசருக்கு எழுதிய சிக்கனம் இன்னொன்றுக்குச் சுமையாகலாம். அளந்துதான் தெரியும்.

இப்போது பட்டறை மேசையில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 90 மைக்ரோசெக்கன். கையில் இருப்பது 20,000 மைக்ரோசெக்கன். இதற்கு மேல் என்ன வேண்டும்? கொண்டுபோய்ப் பூட்டினோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஐயாவின் அழைப்பு. "தம்பி, எல்லா மோட்டரும் ஒரே அடியா நிண்டு போச்சு." ஐஸ் கட்டிக்காகப் படகுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். கொக்குவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் எனக்கு வயிறு கலங்கியது. போய்ப் பார்த்தால் எந்த மோட்டரிலும் பிழை இல்லை. கணினியின் பதில் 60 மில்லிசெக்கனுக்குள் வரவில்லை, ரிலேக்கள் சொன்னபடி திறந்துவிட்டன.

60 என்ற எல்லையை 500 ஆக்கினால் பிரச்சினை மறைந்திருக்கும். ஒரு ஃபேஸ் போன மோட்டர் அரைச் செக்கனில் எரிந்துவிடாது. ஆனால் 20 மில்லிசெக்கனில் முடியவேண்டிய வேலை ஏன் 60ஐத் தாண்டியது என்று தெரியாமல் எல்லையைத் தளர்த்த எனக்கு விருப்பமில்லை. பழைய பெட்டிகளைத் தற்காலிகமாக முக்கியமான மோட்டர்களுக்கு மாட்டிக் கொடுத்துவிட்டு, கணினியைத் திருப்பிக் கொண்டுவந்தோம். அடுத்த மூன்று வாரத்தில் படித்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

முதலில் ஒரு எளிய கணக்கு. 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்கு 43 இலட்சத்து 20 ஆயிரம் தடவை. பத்து இலட்சத்தில் ஒரு தடவை மட்டும் மூன்று சுற்றைத் தாண்டும் அளவு பிந்தினாலும் தொழிற்சாலை நாளுக்கு நான்கு தடவை நிற்கும். நாங்கள் பெருமையோடு எழுதி வைத்திருந்த 90 மைக்ரோசெக்கன் ஒரு சராசரி. சராசரிக்குள் அந்த ஒரு தடவை தெரியவே தெரியாது. ஆகவே சராசரியை விட்டுவிட்டோம். ஒவ்வொரு தொகுதியும் எடுத்த நேரத்தை அளவு வாரியாகப் பிரித்து எண்ணி, மிகப் பெரியது எது, அது எப்போது வந்தது என்று மட்டும் பார்த்தோம்.

பார்த்தவுடனே பல விஷயங்கள் வெளியே வந்தன. மேசையில் நாங்கள் புரோகிராமை இடைவிடாமல் சுழற்றி அளந்திருந்தோம். புரொசெசர் சூடேறி, முழு வேகத்தில், கேஷ் நிறைந்த நிலையில் ஓடியது. உண்மையான வேலையில் அது ஒரு கணம் ஓடிவிட்டு மிச்ச நேரமெல்லாம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் கணினிப் புரொசெசர் மின்சாரம் மிச்சம்பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தூங்கப் போகும். இதற்கிடையில் மற்ற புரோகிராம்கள் கேஷை நிரப்பிவிடும். எங்கள் 36 அலைவரிசையும் சேர்ந்து 18 கிலோபைட்தான், 32 கிலோபைட் கேஷில் தாராளமாக அடங்கும்; ஆனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அது அங்கே இருக்கவேண்டுமே. உண்மையான தாளத்தில், 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை விழித்து அளந்தபோது 90 என்பது 380 ஆகிவிட்டது. வேக நிர்வாகத்தை 'பெர்ஃபோமன்ஸ்' நிலைக்கு மாற்றி, ஆழ்ந்த தூக்க நிலைகளை, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் தடுத்ததும் 150க்கு வந்தது. உங்கள் வேலை எந்தத் தாளத்தில் நடக்குமோ அதே தாளத்தில் அளக்காவிட்டால் வேறொரு வேலையைத்தான் அளக்கிறீர்கள்.

அடுத்தது என்னை உண்மையாகவே வியக்கவைத்தது. மோட்டர்கள் எல்லாம் நிறுத்தி இருக்கும்போதுதான் கணினிக்கு வேலை கூடியது! மோட்டர் நின்று கால் நிமிடத்துக்குள் ஒரு தொகுதியின் நேரம் பல மடங்கு ஏறி, மோட்டர் திரும்ப ஓடும்வரை இறங்கவே இல்லை. இரண்டு இரவு இதோடு போனது. மோட்டர் நின்றதும் சில்லு சரியான பூச்சியத்தை அனுப்புகிறது. எங்கள் வடிகட்டி தன் பழைய விடையை ஒவ்வொரு முறையும் 0.999ஆல் பெருக்கிக்கொண்டே போகிறது. எண் சிறுத்துச் சிறுத்து 10இன் அடுக்கு –38க்குக் கீழே போகும்போது, அது 'டீநோர்மல்' என்ற வகைக்குள் விழுகிறது. அந்த வகை எண்களைக் கணக்கிட எங்கள் கணினியைப் போன்ற பழைய எக்ஸ்86 புரொசெசர்களில் ஒரு பெருக்கலுக்கே நூற்றுக்கு மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள் போகலாம். மிகச் சிறிய எண்ணில் வட்டமாக்கல் வந்து அதை அதே இடத்தில் நிறுத்திவிடுவதால் அது பூச்சியத்தையும் அடையாது. அங்கேயே கிடந்து நேரத்தைத் தின்னும். சில்லில் முழு எண் கணக்கு என்பதால் இப்படி ஒன்று நடக்கவே வழியில்லை. புரோகிராமின் தொடக்கத்தில், இந்தச் சிறிய எண்களைப் பூச்சியமாக எடு என்று புரொசெசருக்குச் சொல்லும் இரண்டு வரிகள் சேர்த்தோம், தீர்ந்தது. தரவைப் பூச்சியமாகக் கொடுத்தும் அளந்து பாருங்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

இவ்வளவும் சேர்ந்தாலும் 60 மில்லிசெக்கன் வராது. அந்தப் பெரிய பிந்தல் வேறு இடத்தில் இருந்தது. கணக்கு முடிந்ததும் அதே இழையில், அதாவது புரோகிராமின் அதே ஓட்டத்தில், நாள்குறிப்பை வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். மத்தியானம் அலுவலகத்தில் யாரோ கண்காணிப்புக் கமெராவின் பதிவுகளை அதே கணினிக்குப் படியெடுத்திருக்கிறார்கள். பழைய தட்டு அதில் திணறும்போது எங்கள் எழுதும் கட்டளையும் வரிசையில் நின்றது, சில தடவை அரைச் செக்கனுக்கு மேல். புரொசெசரின் வேகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாள்குறிப்பைத் தனி இழைக்கு மாற்றினோம். கணக்கு செய்யும் இழை வளையத் தாங்கி என்ற தற்காலிக நினைவகத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். கணக்கு இழைக்கு உயர் முன்னுரிமையும் புரொசெசரின் தனி கோரும் கொடுத்து, அதன் நினைவகம் தட்டுக்குப் போகாமல் பூட்டினோம். நேரம் தவறாமல் வேலை செய்யும்படி அமைத்த நிகழ்நேர லினக்ஸ் கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நிறுவினோம். அப்போது அது மூல லினக்ஸுக்கு வெளியே இருந்த ஒரு திருத்தத் தொகுப்பு, 2024இல் 6.12 பதிப்போடு மூல லினக்ஸுக்குள் சேர்ந்துவிட்டது, இப்போது தொடங்குபவர்களுக்கு வேலை இலகு.

பிறகு சைக்ளிக்டெஸ்ட்டை ஓட்டினோம். விழிக்கவேண்டிய நேரத்துக்கும் உண்மையில் விழித்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணும் கருவி. சும்மா இருக்கும் கணினியில் அதை ஓட்டுவதில் பயனில்லை. பெரிய கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, வலையமைப்பை நிரப்பிக்கொண்டு, விடியும்வரை ஓட்டவேண்டும். அப்போதும் ஒரு கணினியில் ஒழுங்கான இடைவெளியில் ஒரு துள்ளல் தெரிந்தது. லினக்ஸுக்கே அது தெரியவில்லை. ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் என்ற கருவி காட்டிக் கொடுத்தது: பயோஸ், இயங்குதளத்துக்குத் தெரியாமல், புரொசெசரைப் பிடுங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறது. பழைய யூஎஸ்பி விசைப்பலகைக்கான ஆதரவை பயோஸில் நிறுத்தியதும் போய்விட்டது. இதே புரொசெசர் உள்ள அடுத்த கணினியில் அது இருக்கவே இல்லை. புரொசெசரின் பெயரைப் பார்த்து மட்டும் இந்த வேலைக்கு ஒரு கணினியை வாங்க முடியாது. அந்தத் தாய்ப்பலகையோடு சேர்த்து அளக்கவேண்டும்.

கடைசி அளவை தொழிற்சாலைக்குள்ளேயே எடுத்தோம். வைகாசி வெயில், கொம்பிரசர் அறைக்குப் பக்கத்து அறை, தகரக் கூரை, உப்புக் காற்று. மேசையில் 150 காட்டியது அங்கே பின்னேரம் இரண்டு மணிக்கு 260 காட்டியது. வெப்பநிலை எல்லையைத் தொட்டுப் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் வெப்பப் பசை காய்ந்து பொருக்காக நின்றது, விசிறியில் ஈரத்தோடு பிடித்த தூசி. துடைத்துப் புதுப் பசை பூசி, காற்று நேரே படும் இடத்துக்கு மாற்றியதும் 160க்கு இறங்கியது. இங்கே பழைய கணினி வாங்கி இப்படி வேலைக்குப் போடுபவர்கள் பசையை மாற்றாமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள். யூபிஎஸ் மாறும் கணத்தையும் ஒரு சோதனையாக வையுங்கள். நாங்கள் பத்துத் தடவை சுவிட்சை அணைத்துப் போட்டு, ஒரு தொகுதியும் தவறவில்லை என்று பார்த்த பிறகே ரிலேக்களை இணைத்தோம்.

மூன்று கணினிகளில் நாங்கள் கடைசியில் எடுத்தது ட்ரைஸ்டோனில் இரண்டாவதாக வந்தது. முதலாவது வேகமானதுதான், ஆனால் அதன் மிக மோசமான பிந்தல் இதனுடையதைவிட ஐந்து மடங்கு. ரிலேயின் எல்லையையும் காரணம் எல்லாம் தெரிந்த பிறகு 60இலிருந்து 100 ஆக்கினோம். ஐயாவிடம் அதை விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பகல் ரெண்டு மணிக்கும் நிக்காதோ?"

கணினியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை, சித்திரையில் ஒன்று, மாரி தொடங்கும்போது ஒன்று, ஒரு நாள் முழுக்க அளந்து, திகதியும் அந்த நாளின் மிக மோசமான ஒரு தொகுதியின் நேரமும் எழுதுகிறோம். வேறெந்த எண்ணும் அதில் இல்லை. முதல் வரி 2022 ஆனி, 1.9 மில்லிசெக்கன். இப்போது அந்தத் தாளை நிரப்புவது தம்பி. கடைசியாக எழுதிய வரியில் 2.1 இருக்கிறது, பக்கத்தில் 'விசிறி மாற்ற வேண்டும்' என்று அவருடைய கையெழுத்து.